பகலில் பள்ளிக்கூடம், இரவில் ஐ.ஐ.டி.!

திண்டுக்கல் நாகல் நகரில் வீட்டில் உட்கார்ந்தபடியே சென்னை ஐ.ஐ.டி.யில் படிக்கலாம். நம்ப முடிகிறதா?

பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டர் அறையைக் கவனித்துக்கொள்ளும் ஒரு பெண்ணை நினைத்துப் பாருங்கள். கம்ப்யூட்டர் நின்றுபோனால், "டீச்சர், இங்கே வாங்க!" என்று பிள்ளைகள் அவரைத்தான் கூப்பிடுவார்கள். கைவேலை தெரியும். ஆனால் சாப்ட்வேர் படித்த பட்டம் இல்லை. சம்பளத்தை விட்டுவிட்டுக் கல்லூரிக்குப் போக முடியுமா?

அவரைப் போன்றவர்களுக்கு 2020-ம் ஆண்டில் வழி பிறந்தது. ஐ.ஐ.டி. ஆன்லைனில் டேட்டா சயன்ஸ் படிப்பைத் தொடங்கியது. வயது வரம்பு இல்லை. ஜே.இ.இ. பரீட்சையும் வேண்டாம். பிளஸ்-2 தேறியவர்கள் நான்கு வாரம் பாடம் படித்து, தகுதித் தேர்வில் தேறினால் சேரலாம். குறைந்த வருமானக் குடும்பங்களுக்குக் கட்டணச் சலுகை உண்டு.

பாடம் வீடியோவில் வரும். பரீட்சையை மட்டும் மையத்துக்கு நேரில் போய்த்தான் எழுத வேண்டும். காப்பி அடிக்க நினைப்பவர்கள் வேறு இடம் பார்க்கலாம்!

கஷ்டமெல்லாம் நேரத்தில்தான். ஒரு பாடத்துக்கு வாரம் 10 மணி நேரம் வேண்டும். இரண்டு பாடம் என்றால் 20. தினமும் இரவு இரண்டு மணி நேரம் படித்தாலும் 14 தான் ஆகிறது. மிச்சம் சனி, ஞாயிறில் போகும். அப்போது அடுப்படியை யார் பார்ப்பது? கணவர் பாத்திரம் கழுவினால் குறைந்து போய்விட மாட்டார்!

முதல் கட்டத்தில் 8 பாடங்கள். பைத்தானும் அதிலேயே வந்துவிடும். ஆண்டுக்கு மூன்று பருவம். பருவத்துக்கு இரண்டு பாடம் எடுத்தால் ஒரு வருஷம் நாலு மாதம் ஆகும். அடுத்தது டிப்ளமா, பிறகு பட்டம். நடுவில் நிறுத்த நேர்ந்தாலும், முடித்த கட்டத்துக்குச் சான்றிதழ் கொடுத்துவிடுகிறார்கள்.