பி.காம். படித்த வாயும் இருபது தினார் நோட்டும்!

கடியப்பட்டணத்தில் என் அத்தான் ஒருவர் 'இருக்கிறார்'. இது சும்மா பேச்சுக்கு! வருஷத்தில் பத்து மாதம் மனுஷர் பஹ்ரைனில், மீன்பிடிப் படகில்தான்.

லீவில் வந்திருந்தவரோடு மளிகைக் கடைக்குப் போனேன். அரிசி, தேங்காய் எண்ணெய் எல்லாம் வாங்கிக்கொண்டு, அத்தான் பாக்கெட்டிலிருந்து இருபது தினார் நோட்டு ஒன்றை நீட்டினார். கடைக்காரர் அசரவில்லை. செல்போனில் ரேட் பார்த்தார்.

"பாங்கைவிட தினாருக்கு ஒரு ரூபா கூடத் தாறேன்!"

பி.காம். படித்த வாய் சும்மா இருக்குமா?

"அண்ணாச்சி, இது சட்டப்படி தப்பு!"

ஆமாம் சார். வெளிநாட்டுப் பணத்தை அளவோடு வைத்திருக்கலாம். ஆனால் ரிசர்வ் வங்கியின் அனுமதி இல்லாதவரிடம் மாற்றக் கூடாது. 1973-ல் வந்த 'ஃபெரா' சட்டத்தில் இதற்கு ஜெயிலே உண்டு. 2000 ஜூன் 1-ல் அமலுக்கு வந்த 'ஃபெமா' கொஞ்சம் சாது... அபராதம் போடும். எவ்வளவு? கைமாறிய தொகையைப் போல மூன்று மடங்கு வரை! இருபது ரூபாய் லாபத்துக்கு இது தேவையா?

"நம்ம நோட்டு, நம்ம கடை... கவர்மென்டுக்கு ஏன் வயிறு எரியுது?" என்றார் அத்தான்.

காரணம் அவர் கையிலேயே இருந்தது. ஒரு காலத்தில் பஹ்ரைன், குவைத், கத்தாரில் எல்லாம் நம்ம ரூபாய்தான் செலாவணி! அங்கே ரூபாய்க்குத் தங்கம் வாங்கி இங்கே கடத்துவார்கள். விற்ற ரூபாய் திரும்ப வளைகுடாவுக்கே போகும். அங்குள்ள பாங்குகள் அதை நீட்டினால், ரிசர்வ் வங்கி பவுனாக (பிரிட்டிஷ் பவுன்!) எண்ணி வைக்கவேண்டும். தாங்குமா? 1959-ல் அங்கே மட்டும் செல்லும் தனி நோட்டு அடித்தார்கள். 1965-ல் பஹ்ரைன் சொந்தமாக தினார் போட்டபோது, ஒரு தினாருக்குப் பத்தே ரூபாய். இப்போது இருநூறுக்கும் மேல்!

அத்தான் சிரிக்கவில்லை.

"சட்டம் கெடக்கட்டு மாப்ளே. எனக்கு விழுந்த அடியைக் கேளு..."

நாலு வருஷம் 'உண்டியல்' வழியாகவே பணம் அனுப்பியிருக்கிறார். அங்கே ஒருவரிடம் தினாரைக் கொடுத்தால், இங்கே ஒருவர் வீட்டுக்கே வந்து ரூபாயைக் கொடுத்துவிடுவார். பணம் கடல் தாண்டுவதே இல்லை. வியாபாரிகள் தங்களுக்குள் நேர்செய்துகொள்வார்கள். ரேட்டும் கூடுதல், கமிஷனும் கிடையாது. வீடு கட்ட ஒரு பாங்கில் லோன் கேட்டபோதுதான் வினை!

"வருமானத்துக்கு ஆதாரம்?"

பாஸ்புக்கில் ஒரு வரி இல்லை. கடைசியில் தனியாரிடம் கடன். உண்டியலில் மிச்சம் பிடித்ததெல்லாம் வட்டியிலேயே போச்சு.

"நாலு வருஷம் கடல்ல கெடந்ததுக்கு சாட்சி உப்புக்காத்துதான்!"

"அப்புறமும் ஏன் அத்தான் இங்கே நீட்டுறீங்க?"

"நாகர்கோவில் போய் மாத்தி வர அரை நாளாகும்லா?"

அதுவும் நியாயம்தான். சட்டம் டெல்லியிலிருந்து கடற்கரை வரை வந்துவிட்டது. கவுன்ட்டர்தான் இன்னும் வரவில்லை! ஆனாலும் லைசென்ஸ் உள்ளவர் தருகிற ரசீது இருக்கிறதே... அந்த ஒற்றைத் தாள்தான் 'இது நேர்வழியில் மாற்றின பணம்' என்று நமக்காகப் பேசும். கூடக் கிடைக்கும் ஒரு ரூபாய் பேசாது.

கடைக்காரர் நோட்டைத் திருப்பிக் கொடுத்தார். "சரி, பற்றுல எழுதிக்கிடுதேன். மாத்திட்டு வந்து தாரும்."

கிளம்பிய அத்தான் சட்டென்று நின்றார்.

"அண்ணாச்சி, அதை ஒரு சீட்டுல எழுதி எனக்கும் தாரும்!"