கடல் கடக்க எத்தனை நாள்?

சென்ற தவக்காலத்தின் இரண்டாம் ஞாயிறன்று காலைத் திருப்பலியை முடித்துக்கொண்டு பங்குமனைக்குத் திரும்பினோம். இளம் கணவனும் மனைவியும் வாயிற்படியில் காத்து நின்றனர். அவர்கள் கையில் ஒரு நெகிழி உறை. அக்குடும்பத்தின் சரித்திரம் முழுவதும் அதனுள் அடங்கியிருந்தது. கணவர் மஸ்கட் நகரில் குளிர்சாதனப் பொறிகளைப் பழுதுபார்ப்பவர். ஒரு மாத விடுப்பில் வந்திருந்தார். மனைவியையும் ஆறு வயது மகளையும் உடன் அழைத்துச் செல்ல வேண்டுமென்பது அவருடைய நெடுநாள் ஆசை.

“சாமி, ஞானஸ்நான சர்ட்டிபிகேட்டும் கல்யாண சர்ட்டிபிகேட்டும் நாளைக்குக் கெடச்சிட்டா, அடுத்த மாசமே போயிரலாம்” என்றார்.

மனைவியார் அதற்கும் ஒரு படி மேலே சென்றிருந்தார். பள்ளியில் மகளின் மாற்றுச் சான்றிதழுக்கு எழுதிக் கொடுத்தாகிவிட்டது. வாடகை வீட்டை மாத முடிவில் ஒழித்துத் தருவதாக உரிமையாளருக்கும் வாக்களித்தாகிவிட்டது. நாம் உறையைப் பிரித்துப் பார்த்தோம். கோயில் திருமணப் பதிவேட்டில் அவருக்கு இரண்டு பெயர்கள், கடவுச்சீட்டில் ஒன்றே. அக்கடவுச்சீட்டோ இன்னும் ஐந்து மாதங்களில் காலாவதியாகும். ஆறு மாதங்களேனும் செல்லுபடியாகும் கடவுச்சீட்டைப் பெரும்பாலான நாடுகள் கேட்கின்றன என்பதை அவர்களுக்கு எவரும் சொல்லியிருக்கவில்லை.

“அப்போ எத்தன நாளாகும் சாமி?” என்று கேட்டார் அந்த அம்மையார்.

இக்கேள்வியை நாம் குருத்துவப் பணி ஏற்ற நாள் முதலாய்க் கேட்டு வருகிறோம். நம் குமரி மாவட்டத்தில் கடல் கடவாத ஒருவரேனும் இல்லாத குடும்பத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். வளைகுடாவுக்கு மீன்பிடிக்கச் சென்றோர், கட்டடத் தொழிலுக்குச் சென்றோர், செவிலியராய்ச் சென்றோர் என ஒவ்வொரு தெருவிலும் உள்ளனர். எனினும் எத்தனை நாளாகும் என்னும் கேள்விக்கு விடையாக ஊரில் உலவுவது ஏஜெண்டு வாய்ச்சொல்லே. அவர் நாற்பத்தைந்து நாள் என்பார். அந்த நாற்பத்தைந்து எந்நாளிலிருந்து தொடங்குகிறது என்பதை மட்டும் சொல்லமாட்டார்.

ஈண்டு ஒன்றைத் தெளிவாக உணர வேண்டும். தூதரகம் விசா வழங்க எடுத்துக்கொள்ளும் காலம் வேறு. ஒரு குடும்பம் பெயர்ந்து செல்ல எடுக்கும் காலம் வேறு. முன்னது பெரும்பாலும் குறுகியதே. இங்கிலாந்துக்கான வேலை விசாவுக்கு வெளியிலிருந்து விண்ணப்பிப்போர்க்கு, அடையாளப் பதிவு முடிந்தபின் வழக்கமாக மூன்று வாரங்களில் முடிவு சொல்வதாக அந்நாட்டு அரசே அறிவித்துள்ளது. ஆனால் அந்த மூன்று வாரங்களின் வாயிலை அடைவதற்கே ஓராண்டு கழிந்தோரை நாம் அறிவோம். ஆங்கிலத் தேர்வு, செவிலியர் பதிவு, வேலை உடன்படிக்கை ஆகிய யாவும் அதற்கு முன் முடிந்தாக வேண்டும். ஜெர்மனிக்குச் செல்ல விரும்பும் நம் செவிலியப் பெண்கள் புதியதொரு மொழியையே கற்றுத் தேற வேண்டியிருக்கிறது. மொழியை நாட்காட்டியில் குறித்துவைத்துக் கற்க இயலுமா?

நாம் கண்ட அளவில், தாமதத்தின் பெரும்பகுதி தூதரகத்தில் இல்லை; நம் வீட்டுப் பெட்டியில் இருக்கிறது. அதிலும் பெயர்க் குழப்பமே முதலிடம் பெறும். நம் முன்னோர் புனிதர் பெயர்களைத் தமிழாக்கி அழகாய் வழங்கினர். பேதுருவை இராயப்பர் என்றனர். பவுலைச் சின்னப்பர் என்றனர். யோவானை அருளப்பர் என்றும் யோசேப்பைச் சூசையப்பர் என்றும் அழைத்து மகிழ்ந்தனர். ஆகவே திருமுழுக்குப் பதிவேட்டில் அருளப்பனாக உள்ள தந்தை, பள்ளிச் சான்றிதழில் ஜான் ஆகிறார். குடும்ப அட்டையில் ஜாண் ஆகிறார். சவேரியார் ஓரிடத்தில் சேவியர். மிக்கேல் பிறிதோரிடத்தில் மைக்கேல். நமக்கு இவை யாவும் ஒருவரே. கடவுச்சீட்டு அதிகாரிக்கோ, அயல்நாட்டுக் கணிப்பொறிக்கோ இவர்கள் வெவ்வேறு மனிதர். இதில் அவர்களைக் குறை கூறுவதில் பயனில்லை.

முதலெழுத்து பிறிதொரு தொல்லை. தந்தை பெயரின் ஓரெழுத்தை முன்னிட்டு, தன் பெயரை மட்டும் எழுதுவது நம் மரபு. கடவுச்சீட்டில் குடும்பப் பெயருக்கான இடத்தை வெறுமையாக விட்டவர் நம்மிடையே பலர். 2022 நவம்பர் 21 முதல், ஒற்றைப் பெயர் மட்டுமுள்ள கடவுச்சீட்டுடன் சுற்றுலா விசாவில் வருவோரை அனுமதிப்பதில்லை என ஐக்கிய அரபு அமீரகம் அறிவித்தபோது, திடீரென எத்துணைக் கலக்கம் எழுந்தது! கடவுச்சீட்டின் பின்பக்கத்தில் தந்தை பெயர் இருப்பின் ஏற்கப்படும் எனப் பின்னர் விளக்கம் வந்தது. ஆயினும் விமானச் சீட்டு வாங்கியிருந்தோர்க்கு அவ்விளக்கம் வரும்வரை உறக்கம் வந்திராது.

ஆதலால் இளம் பெற்றோர்க்கு நாம் ஒன்று சொல்வோம். குழந்தை பிறந்த 21 நாட்களுக்குள் பிறப்பைப் பதிவு செய்தல் வேண்டும். பெயரை ஓராண்டுக்குள் கட்டணமின்றிச் சேர்க்கலாம். அதன்பின் 15 ஆண்டுகள் வரை தாமதக் கட்டணம் செலுத்திச் சேர்க்கலாம். 2023 அக்டோபர் 1ஆம் நாளன்றும் அதற்குப் பின்னும் பிறந்தோர்க்கு, கடவுச்சீட்டு பெறப் பிறப்புச் சான்றிதழ் ஒன்றே பிறந்த தேதிக்கான சான்றென 2025இல் விதி செய்யப்பட்டுள்ளது. எனவே திருமுழுக்குக்கு நாள் குறிக்க வரும்போது பிறப்புச் சான்றிதழை உடன் கொண்டு வாருங்கள். அதிலுள்ள பெயரையே, எழுத்துக்கு எழுத்து, நாமும் எழுதிக்கொள்வோம். பாட்டனாரின் பெயரையும் சேர்க்க விரும்பினால் அங்கேயும் சேர்த்துவிட்டு வாருங்கள்.

திருமணத்துக்கு வருவோம். வெளிநாட்டிலிருந்து முப்பது நாள் விடுப்பில் வரும் மணமகனுக்காக நாள் குறிக்கும் வீட்டார், ஓலை வாசிக்க மூன்று ஞாயிறுகள் வேண்டுமென்பதை மறந்துவிடுகின்றனர். அவர் அங்கே வாழும் பங்கிலிருந்து, திருமணத் தடை ஏதுமில்லை என்னும் கடிதம் வரவேண்டும்; திருமணத் தயாரிப்பு வகுப்பும் உண்டு. இவற்றைப் பெண் பார்க்கும் போதே தொடங்கினால் நெருக்கடி இராது. பெரிய இடர் திருமணத்துக்குப் பின்பே நேர்கிறது. 2009ஆம் ஆண்டின் தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டப்படி, எச்சமயத்தாரின் திருமணமாயினும் 90 நாட்களுக்குள் அரசிடம் பதிவாக வேண்டும். கூடுதல் கட்டணத்துடன் 150 நாட்கள் வரை பதியலாம். கோயில் பதிவேட்டில் கையெழுத்திட்டதோடு எல்லாம் முடிந்ததென எண்ணி மணமகன் விமானம் ஏறிவிடுகிறார். மனைவிக்குக் குடும்ப விசா கேட்கும் நாளில்தான் அரசுச் சான்று இல்லாமை தெரியவருகிறது. அப்பொழுது ஒருவர் இங்கே, ஒருவர் அங்கே. விருந்துக்குச் செல்லும் வாரத்திலேயே பதிவு அலுவலகத்துக்கும் ஒரு நாள் சென்று வருவதில் என்ன குறைந்துவிடும்?

இனி, காகிதங்களுக்கும் ஆயுள் உண்டு என்பதைக் கூறியாக வேண்டும். வளைகுடா நாடுகளுக்கான மருத்துவப் பரிசோதனைச் சான்று இரண்டு மூன்று மாதங்களே உயிரோடிருக்கும். இங்கிலாந்துக்கான காசநோய்ப் பரிசோதனைச் சான்றுக்கு ஆறு மாதம். ஐ.இ.எல்.டி.எஸ். என்னும் ஆங்கிலத் தேர்வின் மதிப்பெண்ணுக்கு இரண்டாண்டு. காவல்துறை நற்சான்றும் நெடுநாள் நிற்பதன்று. ஆகவே விரைவாகக் கெடுவதைக் கடைசியில் வாங்க வேண்டும். நம் இல்லத்தரசிகள் சந்தையில் முதலில் அரிசியும் கடைசியில் மீனும் வாங்குவது போன்றது இது. பலரோ மீனை முதலில் வாங்கிவிட்டு அரிசிக்கடையில் காத்து நிற்கின்றனர்.

நாம் முன்பு பணியாற்றிய பங்கில் இவ்வாறு நிகழ்ந்தது. கொத்தனார் ஒருவர், நல்ல கைத்திறன் உள்ளவர். ஒன்றரை மாதத்தில் அனுப்புவதாக ஓர் ஏஜெண்டு சொல்ல, மூன்று இலட்ச ரூபாயை நூற்றுக்கு மூன்று மாத வட்டியில் கடன் வாங்கிக் கொடுத்தார். முதலில் மருத்துவப் பரிசோதனை செய்யச் சொன்னார்கள், செய்தார். இன்றோ நாளையோ அழைப்பு வருமென்று உள்ளூரில் புது வேலை எதையும் ஏற்கவில்லை. விசா வருமுன் மருத்துவச் சான்று காலாவதியாயிற்று, மறுபடியும் செய்தார். ஏழாம் மாதத்தில்தான் விமானம் ஏறினார். மாதம் 9,000 வீதம் வட்டி மட்டும் 63,000 ரூபாய். ஏழு மாதக் கூலியும் போயிற்று. அவர் மனைவியின் கழுத்தில் இருந்தது, அவர் ஏறுமுன்பே அடகுக்கடைக்கு ஏறிவிட்டது. அந்த மூன்று இலட்சமே சட்டத்துக்குப் புறம்பானது என்பதை நாமும் பிந்தியே அறிந்தோம் என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறோம். பதிவுபெற்ற ஏஜெண்டு, வேலைக்குச் செல்பவரிடம் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்குரிய வரியும் மட்டுமே பெறலாம் என்பது விதி.

1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டம் இத்தகைய எளியோரைக் காக்கவே இயற்றப்பட்டது. பத்தாம் வகுப்புத் தேறாதோர், வளைகுடா நாடுகளும் மலேசியாவும் உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குச் செல்லுமுன், குடிபெயர்வோர் பாதுகாப்பு அதிகாரியின் அனுமதி பெறவேண்டும். அவ்வலுவலகம் சென்னையிலும், நமக்கு அண்மையில் திருவனந்தபுரத்திலும் உண்டு. செவிலியர்க்கு, பட்டம் பெற்றவராயினும், 2015 முதல் அந்நாடுகளுக்கு இவ்வனுமதி வேண்டியதாயிற்று. இதனை வீண் அலைச்சல் எனக் கருதி, சுற்றுலா விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்று ஆலோசனை கூறுவோர் உளர். மிச்சமாவது சில வாரங்கள். இழப்பதோ, முறையான உடன்படிக்கையும், அனுமதியோடு வரும் 10 இலட்ச ரூபாய்க் காப்பீடும். அக்காப்பீட்டுக்கு இரண்டாண்டுக்குக் கட்டும் பணம் 275 ரூபாய். ஏஜெண்டு பதிவுபெற்றவரா என்பதை அரசின் ‘இ-மைகிரேட்’ இணையதளத்தில் எவரும் பார்க்கலாம். உங்கள் வீட்டுக் கல்லூரிப் பிள்ளை ஐந்து நிமிடத்தில் பார்த்துச் சொல்லும். 1978இல் தமிழக அரசு சென்னையில் நிறுவிய அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் இருக்கிறது. அதன் வாயிலாகச் செல்வோர் நம் பக்கத்தில் ஏனோ குறைவு.

இவையனைத்தையும் ஒழுங்காகச் செய்தாலும் நாள் பிசகுவதுண்டு. விதிகள் நடுவழியில் மாறுகின்றன. இங்கிலாந்தில் முதியோர் பராமரிப்புப் பணிக்குச் செல்வோர் 2024 மார்ச் 11 முதல் துணைவரையும் பிள்ளைகளையும் அழைத்துவர இயலாதென்றாயிற்று. 2025 ஜூலை 22 முதல் அப்பணிக்கு வெளிநாட்டிலிருந்து புதிதாய் ஆளெடுப்பதே நிறுத்தப்பட்டது. இடையில் படிப்புக்கும் தேர்வுக்கும் பணம் கட்டியிருந்தோர் என் செய்வர்?

அரசுகளே வகுத்த கால அளவும் பொய்த்ததற்குச் சான்று தேடி நாம் வெளியூர் செல்ல வேண்டியதில்லை. கீரிப்பாறை, மணலோடை இரப்பர்த் தோட்டங்களில் வாழும் முதியோரைக் கேளுங்கள். 1964 அக்டோபர் 30 அன்று இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட ஒப்பந்தப்படி, மலையகத் தமிழருள் 5,25,000 பேரை 15 ஆண்டுகளில் இந்தியா ஏற்பதென முடிவாயிற்று. அதை நிறைவேற்றும் சட்டம் இலங்கையில் இயற்றப்பட்டதே 1967இல். 1984இல் தலைமன்னார் – இராமேசுவரம் கப்பல் நின்றபோதும் வேலை முடிந்தபாடில்லை. தாயகம் திரும்பியோர்க்கு வாழ்வளிக்கவே அவ்வாண்டில் நம் மாவட்டத்தில் அரசு இரப்பர்க் கழகம் நிறுவப்பட்டது. அக்கரையிலோ, இந்தியக் கடவுச்சீட்டைக் கையில் பெற்றும் கப்பலேறாது தங்கியோர் பல்லாயிரவர். 2003இல் இலங்கை நாடாளுமன்றம் தனிச்சட்டம் இயற்றி அவர்களுக்குக் குடியுரிமை வழங்கும்வரை, பெட்டி கட்டிய நிலையிலேயே ஒரு தலைமுறை கழிந்தது. தோட்ட வேலையை விட்டுவிட்டு, சேமநிதியை வாங்கிச் செலவழித்துவிட்டுக் காத்திருந்தோர் பட்ட பாடு சொல்லில் அடங்காது.

அதனால்தான் நம்மிடம் வருவோரிடம் நாம் நாள் சொல்வதில்லை. எதை எப்போது விடலாம் என்பதையே சொல்கிறோம். விசா கைக்கு வந்து, அதிலுள்ள பெயரையும் தேதியையும் சரிபார்க்கும்வரை வேலையை விடவேண்டாம், வீட்டை ஒழிக்கவேண்டாம், படகுப் பங்கை விற்கவேண்டாம். கடன் வாங்குவதானால், சொல்லப்பட்ட காலத்தை இரட்டித்து வட்டிக் கணக்குப் போட்டுப் பாருங்கள். அதுவும் தாங்குமெனில் வாங்குங்கள். சென்றவர் முதல் சம்பளம் அனுப்ப மேலும் இரண்டு மூன்று மாதம் ஆகலாம். அதுவரை அடுப்பெரிய வேண்டியதை வீட்டில் வைத்துவிட்டுச் செல்லுங்கள். 2020இல் பெருந்தொற்றின்போது ஈரானில் சிக்கிய நம் மீனவர் பலர், ஜூலை முதல் நாளில் ‘ஜலஷ்வா’ என்னும் கடற்படைக் கப்பல் 687 பேருடன் தூத்துக்குடியை அடைந்த பின்பே கரை கண்டனர். அம்மாதங்களில் கடற்கரை வீடுகளில் அரிசிக்கு என்ன வழி இருந்ததென்பதைப் பங்குத்தந்தையர் யாவரும் அறிவர்.

பிள்ளைகளின் படிப்பைக் குறித்தும் ஒரு சொல். நம் பள்ளிகள் ஜூனில் தொடங்குகின்றன. வளைகுடாவின் இந்தியப் பள்ளிகள் பெரும்பாலும் ஏப்ரலில். மேல்நாட்டுப் பள்ளிகள் செப்டம்பரில். பயணநாளை இதனோடு ஒட்டிப் பார்க்காவிடில், குழந்தைக்கு ஓராண்டு வீணாகும்.

வாயிற்படியில் நின்ற தம்பதியரிடம் அன்று இவற்றையே சொன்னோம். கணவர் முகம் சற்று வாடிற்று. மனைவியார்தான் முதலில் எழுந்து, மறுநாட் காலையிலேயே தலைமை ஆசிரியரைப் பார்த்து மாற்றுச் சான்றிதழ் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றார். வீட்டு உரிமையாளர் பெருந்தன்மையுடன் இசைந்தார். கணவர் தனியே மஸ்கட் திரும்பினார். மனைவியாரின் கடவுச்சீட்டு இரு பெயர்களுடனும் புதுப்பிக்கப்பட்டு ஆவணியில் வந்து சேர்ந்தது. திருமணச் சான்று இப்பொழுது மேலொப்பத்துக்காகச் சென்னையில் இருக்கிறது. மகள் இங்கேயே இரண்டாம் வகுப்பில் படிக்கிறாள். ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் முன்வரிசையில் அமர்கிறாள். அப்பாவிடம் எப்போது போவாய் என்று சென்ற வாரம் கேட்டோம். “பரீட்சை முடிஞ்ச பெறவு” என்றாள்.