வாடகைக் குடியிருப்பில் வளர்ப்பு விலங்குகள்

வாடகை வீட்டில் நாய், பூனை போன்றவற்றை வளர்க்க விரும்புவோர் இரண்டு தடைகளைச் சந்திக்கின்றனர். ஒன்று வீட்டு உரிமையாளரின் மறுப்பு. மற்றொன்று அடுக்குமாடிக் குடியிருப்போர் சங்கத்தின் விதி. இவ்விரண்டையும் இந்தியச் சட்டம் ஒரே விதமாகப் பார்ப்பதில்லை.

பின்னணி

விருதுநகர் மாவட்டத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் அமைந்த இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், பிளவக்கல் வட்டாரம் இராஜபாளையம் நாய்க்குப் பெயர்பெற்றது. வேட்டைக்கும் காவலுக்கும் வளர்க்கப்பட்ட இந்த வெள்ளை நிற நாய்க்கு 2005-ஆம் ஆண்டு இந்திய அஞ்சல் துறை தபால்தலை வெளியிட்டது. சொந்த வீட்டிலோ தோட்டத்திலோ நாய் வளர்ப்பவர் வீட்டு உரிமையாளரிடம் சம்மதம் கேட்க வேண்டியதில்லை. அதே குடும்பம் வேலைக்காகவோ பிள்ளைகளின் படிப்புக்காகவோ நகரத்தின் மையப் பகுதிக்குக் குடிபெயரும்போது, வீடு கிடைப்பதே நாயைப் பொறுத்ததாகிவிடுகிறது.

சங்கத்தின் தடை

இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்களின்படி, குடியிருப்போர் சங்கம் வளர்ப்பு விலங்குகளை முற்றிலும் தடை செய்ய முடியாது. பெரும்பான்மை வாக்கெடுப்பு நடத்தியோ துணைவிதியைத் திருத்தியோ கூடத் தடை கொண்டுவர இயலாது. நாயின் உருவத்தையோ இனத்தையோ காட்டி மறுப்பதும், லிப்ட் பயன்படுத்தத் தனிக் கட்டணம் கேட்பதும் ஏற்கத்தக்கவை அல்ல. இத்தகைய தடை விதிகள் செல்லாது எனக் கேரள உயர் நீதிமன்றம் 2021-இல் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பு தமிழ்நாட்டு நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது. ஆனால் வழக்குகளில் எடுத்துக்காட்டலாம்.

உரிமையாளரின் சம்மதம்

மேற்கண்ட பாதுகாப்பு, வீட்டை யாருக்கு வாடகைக்கு விடுவது என்னும் உரிமையாளரின் முடிவைக் கட்டுப்படுத்துவதில்லை. நாய் வைத்திருப்பவருக்கு வீடு தர மறுப்பதைத் தமிழ்நாட்டின் வாடகைச் சட்டம் தடுக்கவில்லை. எனவே வாடகைதாரருக்கு உண்மையான பாதுகாப்பு எழுத்து ஒப்பந்தமே. 2017-இல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் சட்டம் எழுத்து மூலமான ஒப்பந்தத்தை வலியுறுத்துகிறது. வேறு உடன்பாடு இல்லாவிடில் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் பெறக் கூடாது என்றும் கூறுகிறது. ஆகவே நாய்க்காகக் கூடுதல் முன்பணம் கேட்கப்பட்டால் அது பேசி முடிவு செய்ய வேண்டிய ஒன்றாகும்.

வீடு தேடுவோர் கவனிக்க வேண்டியவை

1. விலங்கு இருப்பதைத் தரகரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மறைத்துக் குடியேறினால் பின்னர் வீட்டைக் காலி செய்ய நேரலாம்.
2. விலங்கின் வகை, எண்ணிக்கை, சேதத்துக்கான பொறுப்பு, காலி செய்யும்போது வண்ணம் பூசும் செலவு ஆகியவற்றை ஒப்பந்தத்தில் எழுத வேண்டும். வாய்வழிச் சம்மதம், வீடு வேறொருவருக்கு விற்கப்பட்டால் நிலைக்காமல் போகலாம்.
3. வெறிநாய்க்கடித் தடுப்பூசிச் சான்றும், சென்னை போன்ற மாநகராட்சிகளில் நாய்க்கான உரிமமும் கையில் இருக்க வேண்டும்.
4. இராஜபாளையம் போன்ற உயரமான வேட்டை நாய்க்கு ஓட இடம் தேவை. அருகில் திறந்தவெளி இல்லாத சிறிய வீடு, அனுமதி கிடைத்தாலும் பொருந்தாது.

பொது இடத்தில் கயிற்றில் பிடித்துச் செல்வதும், கழிவை அகற்றுவதும் வளர்ப்பவரின் கடமை. உரிமையை மட்டும் பேசி இவற்றைத் தவிர்த்தால் அண்டை வீட்டாரின் பகைதான் மிஞ்சும்.

கைவிடுதல்

வீடு கிடைக்காத நிலையில் விலங்கைத் தெருவில் விட்டுச் செல்வோர் உண்டு. வீட்டில் வளர்ந்த நாய்க்குத் தெருவில் உணவு தேடவும் வாகனங்களுக்குத் தப்பவும் பழக்கம் இராது. பசி, தாகத்தால் துன்புறும் நிலையில் விலங்கைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமாகும். ஆனால் முதல் குற்றத்துக்கு அச்சட்டம் வகுத்த அபராதம் 50 ரூபாயைத் தாண்டாது.

பிற நாடுகளில்

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 2020 மார்ச் முதல், வாடகைதாரரின் விலங்கை ஏற்க மறுக்கும் உரிமையாளர் தீர்ப்பாயத்தின் ஆணையைப் பெற வேண்டும். சிங்கப்பூரின் அரசு அடுக்குமாடி வீடுகளில் நீண்டகாலம் தடை செய்யப்பட்டிருந்த பூனை வளர்ப்பு, 2024 செப்டம்பர் முதல் உரிமத்துடன் அனுமதிக்கப்படுகிறது. தமிழ்நாட்டில் இம்முடிவு இன்றும் உரிமையாளரும் வாடகைதாரரும் செய்துகொள்ளும் ஒப்பந்தத்திலேயே அடங்கியுள்ளது.