வாட் வேறு, வெளிச்சம் வேறு

மின்விளக்கின் அட்டைப்பெட்டியில் வோல்ட், வாட், லூமென், கெல்வின், ஆயுள் மணி என்று ஐந்தாறு எண்கள் இருக்கும். கடையில் கேட்கப்படுவது பெரும்பாலும் வாட் மட்டும்தான். வாட் என்பது விளக்கு நொடிக்கு எவ்வளவு மின்னாற்றலைச் செலவழிக்கிறது என்பதன் கணக்கு. அந்தச் செலவுக்குக் கிடைக்கும் வெளிச்சத்தைச் சொல்வது லூமென். குண்டு பல்பு மட்டுமே இருந்த காலத்தில் வாட் கூடினால் வெளிச்சமும் கூடியது; ஒன்றை வைத்து மற்றதை ஊகிக்க முடிந்தது. இன்று அந்த ஊகம் பலிக்காது. காரணம், ஒவ்வொரு வகை விளக்கும் ஒவ்வொரு விதமாக ஒளி தருகிறது.

சூட்டில் பிறக்கும் ஒளி

குண்டு பல்பில் எரிவது டங்ஸ்டன் இழை. மின்சாரம் பாயும்போது அது ஏறக்குறைய 2,500 டிகிரி செல்சியஸ் வரை சூடாகி ஒளிர்கிறது. டங்ஸ்டன் உருகுவது 3,422 டிகிரியில் என்பதால் இந்தச் சூட்டைத் தாங்குகிறது. காற்று பட்டால் இழை எரிந்துவிடும். ஆகவே கண்ணாடிக்குள் ஆர்கான், நைட்ரஜன் வாயுக்களை அடைக்கிறார்கள். 60 வாட் பல்பு தரும் ஒளி சுமார் 700 லூமென். செலவாகும் ஆற்றலில் பத்தில் ஒரு பங்குகூடக் கண்ணுக்குத் தெரியும் ஒளியாவதில்லை, மிச்சமெல்லாம் வெப்பம்.

சுவிட்சைப் போட்டதும் 'டப்'பென்று பல்பு பியூஸ் போவதற்கும் காரணம் உண்டு. சூடேறிய 60 வாட் இழையின் மின்தடை சுமார் 880 ஓம். குளிர்ந்திருக்கும்போது அதில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. சுவிட்சைப் போட்ட கணத்தில் வழக்கத்தைவிடப் பத்து மடங்குக்கு மேல் மின்னோட்டம் பாய்கிறது. நாள்பட்டு ஆவியாகி மெலிந்த இடத்தில் இழை அறுகிறது.

பல்பில் போட்டிருக்கும் வாட், கூடவே போட்டிருக்கும் வோல்டேஜுக்கு மட்டுமே பொருந்தும். 100 வாட், 40 வாட் குண்டு பல்புகளைத் தொடர் இணைப்பில் மாட்டினால் 40 வாட் பல்புதான் பிரகாசமாக எரியும். அதன் மின்தடை அதிகம் என்பதால் வோல்டேஜில் பெரும்பங்கு அதற்குப் போய்விடுகிறது. வோல்டேஜ் 5 சதவீதம் கூடினாலே குண்டு பல்பின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகிவிடும்.

வாயுவில் பிறக்கும் ஒளி

டியூப் லைட்டில் ஒளிர்வது இழையல்ல. ஸ்டார்ட்டர் விட்டு விட்டு இணைக்கும்போது குழாயின் இரு முனைகளும் சூடாகின்றன. இணைப்பு துண்டிக்கப்படும் நொடியில் சோக் உயர் வோல்டேஜை எழுப்பி உள்ளேயிருக்கும் வாயுவில் மின்சாரத்தைப் பாய்ச்சுகிறது. குழாயிலுள்ள பாதரச ஆவி அப்போது புற ஊதாக் கதிரை வெளியிட, உட்சுவரில் பூசிய வெள்ளைப் பொடி அதை ஒளியாக மாற்றுகிறது. குழாய் எரியத் தொடங்கியதும் மின்னோட்டம் எல்லை மீறாமல் பார்த்துக்கொள்வதும் சோக்தான். பழைய 40 வாட் டியூபுடன் சேரும் இரும்பு சோக் தன் பங்குக்குப் பத்து வாட்டுக்கு மேல் எடுத்துக்கொள்ளும். அது டியூபின் மேல் எழுதப்பட்டிருக்காது. சி.எஃப்.எல். என்பது இதே குழாயை வளைத்துச் சுருக்கி, மின்னணு சோக்குடன் சேர்த்த வடிவம்.

குறைகடத்தியில் பிறக்கும் ஒளி

வெள்ளை எல்.இ.டி. பல்புக்குள் இருப்பவை பெரும்பாலும் நீல ஒளி தரும் சில்லுகள். மேலே பூசிய மஞ்சள் பொருள் அந்த நீலத்தின் ஒரு பகுதியை மஞ்சளாக்க, இரண்டும் கலந்து வெள்ளையாகத் தெரிகிறது. இதற்கு வழிவிட்ட நீல எல்.இ.டி.யை உருவாக்கிய அகாசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் 2014-இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. 9 வாட் எல்.இ.டி. பல்பு 800 லூமெனுக்கு மேல் தருகிறது.

ஆயுள் 25,000 மணி என்று போட்டிருந்தால், பொதுவாக வெளிச்சம் தொடக்கத்தில் இருந்ததில் 70 சதவீதமாகக் குறையும் வரையிலான காலம் அது. சில்லுக்கு முன்பே பழுதாவது, உள்ளேயிருக்கும் டிரைவர் என்னும் மின்சுற்று. அதற்குச் சூடு ஆகாது. காற்றோட்டமில்லாத மூடிய கூண்டில் மாட்டினால் சீக்கிரம் போய்விடும்.

கெல்வின் எண் ஒளியின் நிறத்தைக் குறிக்கிறது. 2,700 என்றால் குண்டு பல்பின் மஞ்சள். 6,500 என்றால் நீலம் கலந்த வெள்ளை. சி.ஆர்.ஐ. என்ற எண் 100-ஐ நெருங்க நெருங்க, பொருள்களின் நிறம் உள்ளபடி தெரியும். துணிக்கடைக்கும் சமையலறைக்கும் இது முக்கியம்.

மின் கட்டணத்தில் இந்த எண்களின் பலன் தெரியும். தினமும் ஐந்து மணி நேரம் எரிந்தால் 60 வாட் குண்டு பல்புக்கு 30 நாளில் 9 யூனிட் ஆகும். 9 வாட் எல்.இ.டி.க்கு 1.35 யூனிட். படுக்கையறையில் எரிந்த பழைய 'ஜீரோ வாட்' குண்டு பல்புகூட உண்மையில் ஏறக்குறைய 15 வாட் இழுத்தது. கூடத்துக்கு வெளிச்சம் தரும் இன்றைய எல்.இ.டி.யின் செலவு அதைவிடக் குறைவு.

புது பல்பு வாங்கும்போது லூமெனை வாட்டால் வகுத்துப் பாருங்கள். விடை எதில் அதிகமோ, அதுவே கொடுத்த மின்சாரத்துக்குக் கூடுதல் வெளிச்சம் தரும் விளக்கு.