கேட்பதா, விடுவதா? முந்நூற்று நான்கின் கணக்கு

மே மாதக் கடைசியில் தென்மேல் பருவமழை பிடித்துக்கொண்டால் நோர்வூட், பொகவந்தலாவைப் பக்கத்து லயங்களில் ஓய்வு நேரம் வீட்டுக்குள்தான் கழியும். அப்படிப்பட்ட பொழுதுக்கு ஏற்றது முந்நூற்று நான்கு. இலங்கைத் தமிழர்கள் பரவலாக ஆடும் சீட்டாட்டம் இது. சீட்டைப் போட்டு வெட்டும் திறமையைப் பற்றித்தான் ஊரில் பேச்சு நடக்கும். ஆனால் பல ஆட்டங்கள் முதல் சீட்டு விழுவதற்கு முன்பே தீர்மானமாகிவிடுகின்றன. கேட்பதா, விடுவதா என்ற இடத்தில்தான் வெற்றியும் தோல்வியும் பிரிகின்றன.

முதலில் ஆட்டத்தின் அமைப்பு. நாலு பேர், எதிரெதிரே உட்கார்ந்தவர்கள் கூட்டாளிகள். 52 சீட்டில் 2 முதல் 6 வரை ஒதுக்கிவிட்டால் மிஞ்சுவது 32. இதில் பெரியவர் ராஜா அல்ல, ஜாக். ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆஸுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2. எட்டுக்கும் ஏழுக்கும் ஒன்றுமில்லை. ஒரு இனத்துக்கு 76 புள்ளி. நாலு இனத்துக்கும் சேர்த்து 304. ஆட்டத்தின் பெயர் அந்தக் கூட்டுத்தொகைதான்.

ஜாக்கையும் ஒன்பதையும் மேலே தூக்கி வைக்கும் வழக்கம் ஐரோப்பாவின் யாஸ் குடும்ப ஆட்டங்களுக்கு உரியது. ஒல்லாந்தரின் கிளாவர்யாஸ் ஆட்டத்தில் துரும்பு (மற்ற இனங்களை வெட்டும் இனம்) ஜாக்குக்கு 20, துரும்பு ஒன்பதுக்கு 14. கேரளத்தின் 'இருபத்தெட்டு' ஆட்டமும் இந்த உறவுக்குள் வருவதுதான். இலங்கையின் கரையோரத்தை ஒல்லாந்தர் 1658 முதல் 1796 வரை ஆண்டார்கள். ஆட்டம் அவர்களோடு வந்திருக்கலாம் என்று கருத இடமுண்டு.

இனி முடிவெடுக்கும் இடம். முதலில் ஆளுக்கு நாலு சீட்டுத்தான் போடுவார்கள். அந்த நாலை வைத்துக்கொண்டே, இத்தனை புள்ளி எடுப்பேன் என்று கேட்க வேண்டும், குறைந்தது 160. அதிகம் கேட்டவர் தன் கையிலிருந்து ஒரு சீட்டைக் கவிழ்த்து வைத்துத் துரும்பைக் குறிப்பார். அதன் பிறகே மீதி நாலு சீட்டு வரும். பாதிக் கையைப் பார்த்து முழு ஆட்டத்துக்கும் வாக்குக் கொடுக்கிறோம்.

அமெரிக்கர்களின் ஸ்டட் போக்கரிலும் இதே சிக்கல்தான். ஏழு சீட்டில் மூன்று வந்ததுமே தொடர்வதா, கையைக் கீழே வைப்பதா என்று முடிவு செய்ய வேண்டும். அங்கே கணக்கு பணத்தில் நடக்கும். நடுவில் 100 ரூபாய் கிடக்கிறது, தொடர 20 ரூபாய் வேண்டும் என்றால், ஆறில் ஒரு முறைக்கு மேல் வெல்லக்கூடிய கைக்கு மட்டும் தொடர்வது லாபம். முந்நூற்று நான்கிலும் அப்படி ஒரு எல்லை இருக்கிறது. வீட்டுக்கு வீடு விதி மாறினாலும், பரவலான வழக்கப்படி 200-க்குக் கீழே கேட்டு வென்றால் ஒரு காய் வரும், தோற்றால் இரண்டு காய் போகும். மூன்று முறை கேட்டு இரண்டில் வென்று ஒன்றில் தோற்றால் கைக்கு ஒன்றும் மிஞ்சாது. ஆக, மூன்றில் இரண்டு முறைக்கு மேல் வெல்லும் என்று நம்பக்கூடிய கைதான் கேட்கத் தகுந்த கை.

அந்த நம்பிக்கையை எப்படி அளப்பது? உங்கள் கையில் நாலு சீட்டு, பார்க்காதவை 28. அவற்றில் உங்களுக்கு நாலும் கூட்டாளிக்கு எட்டுமாகப் பன்னிரண்டு உங்கள் பக்கம் வரும். பதினாறு எதிர்ப்பக்கம் போகும். எந்த ஒரு சீட்டை நினைத்துக்கொண்டாலும் அது நம் பக்கம் இருக்கும் வாய்ப்பு 100-க்கு 43 மட்டுமே. ஸ்பேட் ஜாக் என்னிடம், ஒன்பது கூட்டாளியிடம் இருக்கும் என்ற கற்பனை பாதிக்கு மேல் பொய்க்கும். இரண்டு குறிப்பிட்ட சீட்டுகளும் நம் பக்கமே இருக்க வேண்டுமானால் வாய்ப்பு 100-க்கு 17 அல்லது 18.

ஒரு கையைப் பார்ப்போம்: ஸ்பேட் ஜாக், டைமன் ஆஸ், கிளாவர் ராஜா, ஹார்ட்ஸ் ஏழு. 44 புள்ளி, பார்க்க அழகு. ஆனால் எந்த இனத்திலும் ஒன்றுக்கு மேல் இல்லை. எதைத் துரும்பாக்கினாலும் அடுத்த சீட்டு நிச்சயமில்லை. ஸ்பேட்டைத் துரும்பாக்காவிட்டால் அந்த ஜாக்கையே யாராவது வெட்டிக்கொண்டு போகலாம். இதை விட்டுவிடுவதே சரி.

இன்னொரு கை: ஸ்பேட் ஜாக், ஸ்பேட் ஒன்பது, வேறு இனத்தில் ஒரு ராஜா, ஒரு ஏழு. இது எல்லைக்கோட்டுக் கை. மீதி நாலு சீட்டில் மூன்றாவது ஸ்பேட் ஒன்றாவது வரும் வாய்ப்பு 100-க்கு 64. கூட்டாளி ஏற்கனவே ஆர்வம் காட்டியிருந்தால் கேட்கலாம். இல்லையென்றால் யோசிக்க வேண்டும். அதே கையில் ஏழுக்குப் பதில் மூன்றாவது ஸ்பேடும், ராஜாவுக்குப் பதில் இன்னொரு ஜாக்கும் இருந்தால் தயங்காமல் 160 கேட்கலாம்.

போக்கரில் கையை வைத்தவருக்கு அந்த ஆட்டம் முடிந்துவிடும். இங்கே அப்படியில்லை. எதிராளி 160 கேட்டிருந்தால், நீங்களும் கூட்டாளியும் 145 எடுத்தால் போதும். அவர்கள் விழுவார்கள், இரண்டு உங்களுக்கு வரும். விட்டவர் தொடர்ந்து ஆடுகிறார், அதுவும் குறைந்த சுமையோடு. எல்லோருமே விட்டுவிட்டால் பெரும்பாலும் மறுபடி சீட்டுப் போடுவார்கள், யாருக்கும் நட்டமில்லை.

வீம்புக்கு ஏற்றுவதுதான் பெரிய ஆபத்து. எதிராளி 160 என்றதும் 170, 180 என்று போவார்கள். 190 கேட்டு வென்றாலும் கிடைப்பது அதே ஒன்றுதான். எடுக்க வேண்டிய புள்ளி மட்டும் முப்பது கூடுகிறது. ஒரு ஜாக்கின் மதிப்பு அது.

பொது இடத்தில் பணம் வைத்து ஆடுவதை இலங்கையின் 1889ஆம் ஆண்டு சூதாட்டக் கட்டளைச் சட்டம் நெடுங்காலம் தடுத்துவந்தது. இந்த ஆட்டத்துக்குப் பணம் தேவையும் இல்லை, புளியங்கொட்டையே போதும். கேட்பதற்கு முன் மூன்றை மட்டும் பாருங்கள்: துரும்பாக்க நினைக்கும் இனத்தில் ஜாக் இருக்கிறதா, அதே இனத்தில் மூன்று சீட்டாவது இருக்கிறதா, வெளியே இன்னொரு பலமான சீட்டு உண்டா? இரண்டுக்காவது 'ஆம்' வராவிட்டால் விட்டுவிடுங்கள்.