அழித்த கோப்பு எங்கே செல்கிறது?

என் உம்மம்மா எழுதிய கடிதங்கள் 40 எங்கள் இல்லத்தில் இருந்தன. கொழும்பில் வணிகம் செய்துவந்த பாட்டனாருக்கு அவர்கள் அரபுத்தமிழில் எழுதி அனுப்பியவை அவை. அக்காலத்தில் நம் பெண்மக்களில் பலர் தமிழெழுத்து அறியாதவர்கள். ஆயினும் அரபுத்தமிழில் ஒரு குடும்பத்தையே நடத்திக் காட்டியவர்கள். கறையான் அரித்தது போக எஞ்சிய அத்தாள்களை ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்து ஒரு பென் டிரைவில் சேமித்து வைத்தேன். அடுத்து வந்த மழைக்காலத்தில் கூரை ஒழுகி, தாள்கள் கூழாகிவிட்டன. எஞ்சியவை அப்படங்கள் மட்டுமே.

ஒருநாள் மதரஸாவின் தேர்வு வினாத்தாள்களை அதே பென் டிரைவில் ஏற்ற முயன்றபோது இடம் போதவில்லை. ‘பழையவை’ என்று பெயரிட்டிருந்த ஒரு கோப்புறை கண்ணில் பட்டது. அதற்குள் என்ன இருக்கிறது என்று திறந்து பாராமலேயே அழித்துவிட்டேன். வினாத்தாள்களில் இரண்டை ஏற்றிய பின்னரே, கடிதங்கள் அதற்குள் இருந்தன என்பது நினைவில் உறைத்தது. அப்போதும் நான் கலங்கவில்லை. அழித்தவை யாவும் திரையின் மூலையிலுள்ள ‘ரீசைக்கிள் பின்’ என்னும் குப்பைத்தொட்டியில் கிடக்கும், எடுத்துக்கொள்ளலாம் என்ற தைரியம்! தொட்டியைத் திறந்தேன். அது காலியாக இருந்தது.

அன்று நான் கற்றுக்கொண்டவற்றையே இங்கு எழுதுகிறேன். இன்று கணிப்பொறியோ கைப்பேசியோ இல்லாத வீடு அரிது. நிக்காஹ் படங்கள், பாஸ்போர்ட் நகல்கள், வீட்டுப் பத்திரங்கள், வளைகுடாவிலிருக்கும் தந்தையின் குரல் பதிவுகள் அனைத்தும் அவற்றில்தானே இருக்கின்றன!

முதலில், இந்தக் குப்பைத்தொட்டி யாது? ஆப்பிள் நிறுவனம் 1983இல் வெளியிட்ட ‘லிசா’ கணிப்பொறியின் திரையிலேயே ஒரு தொட்டியின் சித்திரம் இருந்தது. மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 1995இல் ‘விண்டோஸ் 95’ வாயிலாக அதைக் கோடிக்கணக்கானோரின் மேசைக்குக் கொண்டு வந்தது. உண்மையில் அது தொட்டியே அன்று. மறைவாக வைக்கப்பட்ட மற்றொரு கோப்புறை. நாம் ‘அழி’ என்று கட்டளையிடும்போது கணிப்பொறி கோப்பை அழிப்பதில்லை. இடம் மாற்றி வைக்கிறது. முன்பு எங்கிருந்தது, எப்போது நீக்கப்பட்டது என்பதையும் குறித்துக்கொள்கிறது. அதனால்தான் ‘ரெஸ்டோர்’ என்றதும் கோப்பு தன் பழைய இடத்திற்கே திரும்புகிறது. கையின் அவசரத்திற்கும் மனத்தின் வருத்தத்திற்கும் இடையே சில நாள் அவகாசம் தருகின்ற ஏற்பாடு இது.

அந்த அவகாசம் இல்லாதபோது என்னவாகும் என்பதற்குப் புகழ்பெற்ற நிகழ்ச்சி ஒன்று உண்டு. அமெரிக்காவின் கலிஃபோர்னியாவிலுள்ள பிக்ஸார் நிறுவனம் 1998இல் ‘டாய் ஸ்டோரி 2’ என்னும் சிறுவர் சித்திரப்படத்தைத் தயாரித்துக்கொண்டிருந்தது. அங்கிருந்த கணிப்பொறிகளில் ‘ஆர்எம்’ என்ற ஈரெழுத்துக் கட்டளை உண்டு. அது கோப்புகளைத் தொட்டிக்கு அனுப்பாமல் நேரே நீக்கிவிடும். யாரோ ஒருவர் அதைத் தவறான இடத்தில் ஏவிவிட்டார். தொழில்நுட்பப் பிரிவிலிருந்த ஓரன் ஜேக்கப், தம் கண்ணெதிரே முதலில் கதாநாயகப் பொம்மையின் தொப்பியும், பிறகு காலணிகளும், அதன்பின் அந்தப் பொம்மையே பட்டியலிலிருந்து மறைவதைக் கண்டார். கணிப்பொறியின் மின்னிணைப்பைப் பிடுங்குமாறு தொலைபேசியில் கூவினார். அதற்குள் படத்தின் ஏறத்தாழ 90 விழுக்காடு போய்விட்டது. சேமநகல் இருக்கிறதே என்று தேடினால், அது பல வாரங்களாகச் சரியாகப் பதிவாகவே இல்லை!

அவ்வளவு பெரிய நிறுவனத்தைக் காத்தவர் ஒரு தாய். கேலின் சஸ்மன் என்ற அம்மையார் பிள்ளை பெற்றிருந்ததால் வீட்டிலிருந்தே பணியாற்றினார். அதற்காகப் படத்தின் நகல் ஒன்று அவர் வீட்டுக் கணிப்பொறியில் இருந்தது. அக்கணிப்பொறியைப் போர்வைகளால் போர்த்தி, காரின் இருக்கையில் வார் பூட்டி, பச்சிளங் குழந்தையைக் கொண்டுவருவது போல் கொண்டு வந்தார்களாம். (அப்படி மீட்ட படத்தின் பெரும்பகுதியைப் பின்னர் கதை சரியில்லை என்று தாங்களே ஒதுக்கிவிட்டு, புதிதாக உருவாக்கினார்கள் என்பது வேறு கதை.) படம் 1999 நவம்பரில் வெளியாயிற்று.

தொட்டி இருப்பவர்களாகிய நாமும் நிம்மதியாக இருந்துவிட முடியாது. பென் டிரைவிலிருந்தும் கேமராவின் மெமரி கார்டிலிருந்தும் அழிப்பவை பொதுவாக விண்டோஸின் தொட்டிக்குச் செல்வதில்லை. நான் இடறியது இங்கேதான். ‘ஷிஃப்ட்’ விசையை அழுத்திக்கொண்டு ‘டெலிட்’ விசையைத் தட்டினாலும் கோப்பு தொட்டியைத் தாண்டிப் போய்விடும்; பிள்ளைகள் இதை ஏதோ சாமர்த்தியம் போல் பழகிக்கொள்கிறார்கள். தொட்டிக்கு ஒரு கொள்ளளவும் உண்டு. அது நிறைந்தால் பழையவை தாமே வெளியேறும். எல்லாவற்றினும் மோசமானது, பழைய கோப்பின் பெயரிலேயே புதியதைச் சேமிப்பது. மேலெழுதப்பட்ட பழைய கோப்பைத் தொட்டியில் தேடிப் பயனில்லை.

கைப்பேசியில் நாள் கணக்கு உண்டு. ஐபோனில் நீக்கிய படங்கள் 30 நாட்கள் வரை காத்திருக்கும். கூகுள் போட்டோஸில் சேமநகல் எடுக்கப்பட்ட படமாயின் 60 நாட்கள். எடுக்கப்படாததாயின் 30 நாட்களே. ஜிமெயிலின் தொட்டிக்கும் 30 நாட்கள்தாம். விடுமுறையில் ஊர் வந்து திரும்பிய பின் நிதானமாகத் தேடிக்கொள்ளலாம் என்றிருந்தால் தவணை கடந்துவிடும்.

என் கடிதங்களுக்கு வருகிறேன். கணிப்பொறிக் கடை வைத்திருக்கும் என் பழைய மாணவர் ஒருவரைத் தொலைபேசியில் அழைத்தேன். “ஹஜ்ரத், அதில் இனி ஓரெழுத்துக்கூடப் பதியாதீர்கள். உடனே கழற்றி வையுங்கள்” என்றார். காரணத்தையும் விளக்கினார். நூலகத்தில் ஒரு கிதாபின் பெயரை அட்டவணையிலிருந்து அடித்துவிட்டால் கிதாபு அலமாரியிலேயேதான் இருக்கும். அவ்விடத்தில் வேறொன்றைக் கொண்டுவந்து வைக்கும்வரை அதை எடுத்துவிடலாம். பென் டிரைவில் அழித்தலும் அத்தகையதே. ஆனால், இக்காலக் கணிப்பொறிகளின் உள்ளிருக்கும் ‘எஸ்எஸ்டி’ வட்டுகளில் இந்தச் சலுகையை நம்ப முடியாது. இன்ன இடம் காலி என்று அறிவிக்கப்பட்டதும் அவ்வட்டே உள்ளிருப்பதைத் துடைத்துவிடக்கூடும்.

மீட்பு மென்பொருளைக் கொண்டு அவர் ஓர் இரவு முழுதும் முயன்றார். 31 கடிதங்கள் முழுமையாகக் கிடைத்தன. 6 கடிதங்களில் மேற்பாதி மட்டும் தெரிந்தது. கீழே சாம்பல் நிறம். 3 கடிதங்கள் கிடைக்கவேயில்லை. நான் ஏற்றிய அந்த இரண்டு வினாத்தாள்கள் அவற்றின் இடத்தில் அமர்ந்துவிட்டன போலும்.

இப்போது என் பென் டிரைவில் நானே ஒரு தொட்டி வைத்திருக்கிறேன். ‘நீக்கலாமா’ என்று பெயரிட்ட ஒரு கோப்புறை, அவ்வளவுதான். வேண்டாதவற்றை அழிப்பதில்லை, அதற்குள் நகர்த்துகிறேன். ஒரே டிரைவுக்குள் நகர்த்துவதால் கூடுதல் இடம் பிடிப்பதில்லை. ஆனால் இடம் மிச்சமாவதும் இல்லை. ஆகவே மாதம் ஒருமுறை அதைத் திறந்து, ஒவ்வொன்றாகப் பார்த்து, பிறகே அழிக்கிறேன். வீட்டுக் கணிப்பொறியில், தொட்டியின் அமைப்புப் பக்கத்திற்குச் சென்று, அழிக்குமுன் ‘உறுதிதானா?’ என்று கேட்கும்படி செய்துவிட்டேன். விண்டோஸ் 8 முதல் அக்கேள்வி தானாக வருவதில்லை. நாம்தான் குறியிட்டு வரவழைக்க வேண்டும்.

தொட்டியும் அதே வட்டில்தான் இருக்கிறது. வட்டு பழுதானால் தொட்டியும் உடன் போகும். ஆகவே மீண்ட 37 படங்களின் நகலொன்றை என் தங்கையின் வீட்டுக் கணிப்பொறியிலும் ஏற்றி வைத்திருக்கிறோம். பாதியாய் நின்ற அந்த 6 கடிதங்களை உம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். சிறுவயதில் உம்மம்மா உரக்கச் சொல்லிக்கொண்டே எழுதக் கேட்டவர்கள் அவர்கள். இரண்டு கடிதங்களின் மீதியை நினைவிலிருந்து சொன்னார்கள். எழுதி வைத்துக்கொண்டேன்.