சொந்த ஊரை எழுதிய சிப்பாய்

பிழைப்புக்காக ஊரை விட்டு வந்தவர்களுக்கு, 'பென்ஷன் வாங்கியதும் ஊரோடு போய்விடலாம்' என்ற நினைப்பு எப்போதும் உண்டு. அப்படிப் போனவர்களில் ஒருவர், தம் ஊரையே பெரிய நாவலாக எழுதி நாடறியச் செய்தார். அவர் மலையாள எழுத்தாளர் கோவிலன்.

இயற்பெயர் வி. வி. அய்யப்பன். 1923-ம் ஆண்டு ஜூலை 9-ந் தேதி, குருவாயூர் அருகே கண்டாணசேரி கிராமத்தில் பிறந்தார். பாவறட்டி சமஸ்கிருதக் கல்லூரியில் படித்து வந்தவர், 1942-ல் 'வெள்ளையனே வெளியேறு' இயக்கத்துக்காகப் படிப்பை விட்டார். மறு வருஷமே அதே வெள்ளையனின் கடற்படையில் சேர்ந்தார் என்பதுதான் விந்தை! இரண்டாம் உலகப் போரும் பஞ்சமும் நிலவிய காலம் அது. அந்நாளில் ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்குச் சோறு போட்டது பட்டாளமே.

1946-ல் கடற்படையிலிருந்து வெளியே வந்தார். 1948-ல் ராணுவத்தின் சிக்னல்ஸ் பிரிவில் சேர்ந்து, 1968 வரை பணிபுரிந்தார்.

பட்டாளக் கதைகள்

அந்த ஆண்டுகள் 'ஏ மைனஸ் பி', 'ஹிமாலயம்' முதலிய நாவல்களாயின. பாறப்புறத்து, நந்தனார் ஆகியோரைப் போல இவரும் பட்டாளக் கதைக்காரர் என்று பெயர் பெற்றார். வீரதீரப் பிரதாபங்களை இவர் அதிகம் எழுதவில்லை. சிப்பாயின் தனிமையும், குளிரும், வயிற்றுப் பசியுமே இவர் எழுத்தில் நிற்கின்றன.

ஊரின் எல்லை

ஓய்வு பெற்றதும் கண்டாணசேரிக்கே திரும்பினார். 'தோற்றங்கள்' நாவலுக்கு 1972-ல் கேரள சாகித்ய அகாடமி பரிசு கிடைத்தது. 1995-ல், தமது 72-வது வயதில், 'தட்டகம்' நாவலை வெளியிட்டார். 'தட்டகம்' என்றால் ஊர்த் தேவியின் காவலுக்கு உட்பட்ட நிலம். நம் ஊர் எல்லைச்சாமியின் 'எல்லை' போன்றது. தலைமுறை தலைமுறையாக ஊரார் சொல்லி வந்த கதைகளும், அவர்கள் பட்ட பாடுகளும் அதில் உள்ளன. 1998-ல் அதற்கு மத்திய சாகித்ய அகாடமி விருது கிடைத்தது. 2006-ல் கேரள அரசின் எழுத்தச்சன் விருதும் வந்தது. 2010 ஜூன் 2-ந் தேதி கோவிலன் காலமானார்.

தூரதேசத்தில் கழித்த வருஷங்கள் அவருக்கு வீண் போகவில்லை. ஊரைப் பிரிந்திருந்தவருக்கே அதன் அருமை தெரியும். அடுத்த லீவில் ஊருக்குப் போகும் நம்மவர்களும், திண்ணையில் இருக்கும் பெரியவர்களிடம் பழங்கதைகளைக் கேட்டு ஒரு நோட்டில் குறித்து வைக்கலாமே!